‘இண்டர்லோக்’ விவகாரத்தில் நமக்குக் கோபம் வந்தது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய நூல்களில் இருக்கும் இன வசைச்சொற்களை நீக்கலாமா கூடாதா என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் வரும் 219 இடங்களில் ‘அடிமை’ என்று மாற்றி, 2011இல் அலபாமா பதிப்பகம் ஒன்று வெளியிட்ட கதையை விரிவாக எழுதியிருந்தீர்கள். சரி, அதே 2011இல் மலேசியாவில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேனின் ‘இண்டர்லோக்’ நாவல் 1971இல் நூலாக வந்தது. அது ஐந்தாம் படிவ (பதினேழு வயது) மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடமாக்கப்பட்டபோதுதான் பிரச்சினை வெடித்தது. கதையில் மணியம் என்ற தொழிலாளி இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வருகிறார். உடன் வந்தவர்கள் எல்லாரும் ஒரே ‘பாரியா’ (அதாவது பறையர்) சாதி, அதனால் தீட்டுப் பயம் இல்லாமல் கலந்து பழகினார்கள் என்கிறது நாவல். இதை ஒரு தமிழ்ப் பையன் மலாய், சீன நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்துத் தேர்வும் எழுத வேண்டும். இடைவேளையில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அந்த நூல் வகுப்பறையை விட்டுப் போனது சரிதான் என்பது என் கருத்து. நூலகத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே இருக்கட்டும், அது வேறு விஷயம்.

ஆனால் அப்போது நம்மவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஊர்வலம், கைது, ஆய்வுக் குழு என்று ஆண்டு முழுக்க இழுத்து, கடைசியில் அரசு நூலை மீட்டுக்கொண்டது. அதற்குள் எத்தனை கூட்டங்கள்! ‘எல்லாரும் அந்தச் சாதி இல்லை, உயர்ந்த சாதிக்காரர்களும் கப்பலேறி வந்தார்கள்’ என்று மேடையில் ஒருவர் பட்டியல் போட, கீழே கைதட்டல். வரலாற்றுப்படி அது உண்மைதான், பல சாதியாரும் வந்தார்கள், பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் பறையர் குடும்பத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் அதன் காதில் என்ன விழுந்திருக்கும்? ‘உன்னோடு சேர்த்துச் சொன்னார்களே, அதுதான் எங்களுக்கு அவமானம்’ என்றுதானே? மலாய் எழுத்தாளர் அந்தச் சொல்லைத் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அதை வசை ஆக்கி வைத்திருந்தவர்கள் நாம்.

பறையர் சமூகத்திலிருந்து வந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சம் இல்லை. ‘இண்டர்லோக்’ சமயத்தில் இதை எடுத்துச் சொன்ன ஒரு பேச்சாளரையும் நான் கேட்கவில்லை. (இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் ‘கெலிங்’ என்ற சொல்லை இங்கே யாராவது சொன்னால் கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு வழி சொல்லும்போது யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. யார், எந்த நேரத்தில், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தானே கோபம் வருகிறது.)

கடைசியாக உங்களிடமே ஒன்று. அமெரிக்க நாவலைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிற அதே பத்திரிகையில், சாதிச் சங்கங்களின் குடும்ப தினச் செய்தியும் படத்தோடு வருகிறது. வாசகர் நாடகம், நகைச்சுவைத் துணுக்கு என்ற பெயரில் தோட்டி, அம்பட்டன் என்று சிரிப்பு மூட்டும் வரிகளும் அவ்வப்போது வருகின்றன. அவற்றை அச்சுக்கு அனுப்புமுன் யார் பார்க்கிறார்கள்? பதிலை இதே பகுதியில் வெளியிட்டால் நன்றி.

இப்படிக்கு,
வாசகர், கிள்ளான்