ஜூனில் வரும்போது: வயோமிங்கிலிருந்து அப்பா அம்மாவுக்கு

கோடி, வயோமிங்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். ஜூன் இரண்டாவது வாரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. போனில் விட்டுவிட்டுச் சொன்னதையெல்லாம் இப்போது ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். அப்பா, இந்தக் கடிதத்தை பாஸ்போர்ட் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் இந்த வயோமிங் மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 5,76,851 பேர்தான். சேலம் மாநகராட்சியில் இருப்பவர்களைவிடக் குறைவு. அதனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஐம்பது, அறுபது மைல் வெறும் புல்வெளியாகவே கிடக்கும். போன் சிக்னல் இருக்காது. பெட்ரோல் எங்கள் ஊரான கோடியிலேயே நிரப்பிக்கொண்டு, வரைபடத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

உயரத்தை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். கோடி ஏறக்குறைய 1,530 மீட்டர், அதாவது ஏற்காடு. மேற்கே 52 மைலில் யெல்லோஸ்டோன் பூங்காவின் கிழக்கு வாசல். அது கொடைக்கானல் உயரம். அங்கிருந்து ஏழு மைல் போனால் சில்வன் கணவாய், 2,598 மீட்டர்; தொட்டபெட்டா உச்சிக்கு நாற்பது மீட்டர்தான் குறைவு. காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இத்தனையும் ஏறிவிடுவோம். ஆகவே வந்து இறங்கியதும் இரண்டு நாள் கோடியிலேயே ஓய்வு. காற்று மெலிவு, வறட்சி அதைவிட மோசம். தாகம் எடுக்காமலே உடம்பில் நீர் வற்றும், உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். மேலே போனபின் தலைவலியோடு வாந்தியும் வந்தால் மாத்திரையை நம்பி அங்கேயே உட்காரக் கூடாது, உடனே கீழே இறங்கிவிட வேண்டும். பிரஷர் மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், அப்பா.

ஜூன் என்றாலும் பூங்காவுக்குள் விடியற்காலையில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும், பனியும் பெய்யலாம். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், மாலையில் இடி மின்னல். கனமான ஒரு கம்பளிக் கோட்டைவிட மெல்லியதாக மூன்று உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் சரி. அம்மா, சேலை கட்டினால் உள்ளே தெர்மல் லெக்கிங் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ வாங்கிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அதுபோக 2026 முதல் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் உட்பட பதினோரு பூங்காக்களில் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். இரண்டு பூங்காவும் பார்ப்பதால் நமக்கு அட்டைதான் லாபம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புபவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். கோடியிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடம் வரை 80 மைல், பூங்காவின் தெற்குச் சுற்று 96 மைல், திரும்பி வர 80. மொத்தம் 256 மைல். உள்ளே வேக வரம்பு 45 மைல், அதிலும் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றால் ஒரு மணி நேரம்கூட நகர முடியாது. அதனால் ஒரு இரவு உள்ளேயே தங்குவதற்கு அறை எடுத்திருக்கிறேன். முதல் நாள் ஹேடன் பள்ளத்தாக்கும் கேன்யன் அருவியும், மறுநாள் வெந்நீர் ஊற்றுகள். அருவி 94 மீட்டர் உயரம். ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் என்ற பார்வையிடத்தில் படி ஏறாமலே பார்க்கலாம், அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் நல்லது.

பைசன் பற்றிக் கவனமாகப் படியுங்கள். கொடைக்கானல் தெருவில் இறங்கி வருகிற காட்டுமாட்டின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிடா 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பார்க்கும்போது மந்தமாக, உழவு முடித்த எருதுபோல மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் போட்டோ எடுக்கக் கிட்டே போகிறார்கள், குத்துப்படுகிறார்கள். விதிப்படி 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும், அதாவது இரண்டு பஸ் நீளம். கரடி, ஓநாய் என்றால் 100 கஜம். பைசனின் வாலைக் கவனியுங்கள். ஈ ஓட்ட ஆடிக்கொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. வால் கொக்கிபோல மேலே நிமிர்ந்தாலோ, முன்காலால் மண்ணைப் பறித்தாலோ, தலையை ஆட்டினாலோ உடனே பின்வாங்க வேண்டும். ஜூனில் செம்பட்டை நிறக் கன்றுகள் கூடவே இருக்கும். தாய்க்கு அப்போது பொறுமை கிடையாது. சாலையை மறித்தால் காருக்குள்ளேயே இருங்கள், ஹாரன் அடிக்க வேண்டாம்.

ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த இந்த மிருகத்தைச் சுட்டுச் சுட்டு, 1902 வாக்கில் யெல்லோஸ்டோனில் மிஞ்சியவை இரண்டு டஜன் மட்டுமே. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கரடிக்கு மிளகாய்க் காரம் அடங்கிய ஸ்ப்ரே உண்டு. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் அனுமதியில்லை, இங்கேயே வாங்கி வைக்கிறேன். கொசு மருந்துபோல உடம்பில் பூசுவதல்ல அது. கரடி பாய்ந்து பத்து மீட்டர் அளவில் நெருங்கும்போது, பாதுகாப்புக் கிளிப்பை நீக்கி, சற்றே கீழ்நோக்கி அதன் முகத்துக்கு முன்னால் மேகம்போல அடிக்க வேண்டும். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் தொங்க வேண்டும்.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பிக்னிக் மேஜையில் வைத்துவிட்டு பத்தடிகூட நகரக் கூடாது. சாப்பிட்டு முடித்த தட்டு, கரண்டி, வெறும் டிபன் பாக்ஸ்கூட காருக்குள் போக வேண்டும். ஒருமுறை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

வெந்நீர் ஊற்றுகளிடம் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். மரப்பலகை நடைபாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. பார்வைக்கு வெண்மையான கெட்டித் தரைபோல இருக்கும், ஆனால் அது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். இதுவரை இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நீரில் வெந்து இறந்திருக்கிறார்கள். தொப்பி பறந்து விழுந்தால் போகட்டும். அம்மா, இன்னொன்று: நம் வழக்கப்படி காசு போட்டுவிடாதீர்கள். மார்னிங் குளோரி என்ற ஊற்றில் பல காலமாக ஆட்கள் எறிந்த நாணயமும் குப்பையும் அதன் கண்ணை அடைத்துவிட்டன. சூடு குறைந்து, ஓரத்தில் மட்டும் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் நடு நீலத்தை நோக்கி நகர்ந்துவிட்டன. அந்த நிறங்கள் வெப்பம் தாங்கும் நுண்ணுயிர்களால் வருபவை. நீலம் இருக்கும் இடம் மிகச் சூடு. ஆறஆற மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பெரிய ஊற்றை விடியற்காலையில் பார்க்கப் போனால் வெறும் ஆவிதான் தெரியும். குளிர்காற்றில் ஆவி அடர்ந்து நிறத்தையே மூடிவிடும். பதினோரு மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகுதான் போக வேண்டும். முழு வட்டமும் தெரிய, ஃபேரி ஃபால்ஸ் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து மேட்டுக்கு ஏறுவோம்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 32 முதல் 56 மீட்டர் வரை பீறிடும். அடுத்தது எப்போது என்பதை முந்தையது எத்தனை நிமிடம் அடித்தது என்பதை வைத்தே சொல்கிறார்கள். குறைந்த நேரமே அடித்திருந்தால் நிலத்தடியில் நீரும் சூடும் அதிகம் செலவாகவில்லை, அடுத்தது ஒரு மணி நேரத்தையொட்டி வந்துவிடும். நெடுநேரம் அடித்தால் மறுபடி நிரம்பிச் சூடேற ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். தகவல் மையத்தில் நேரம் எழுதி வைப்பார்கள், பத்து நிமிடம் முன்பின் இருக்கும்.

திரும்பி வந்த மறுநாள் மாலை ரோடியோ, அதாவது கவ்பாய்களின் குதிரை, மாட்டு விளையாட்டு. கோடியில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தினமும் இரவு எட்டு மணிக்கு உண்டு. ஜல்லிக்கட்டு பார்த்த கண்ணுக்கு முதலில் விளங்காது, அதனால் விதியைச் சொல்கிறேன், அப்பா. காளை மேலும் முரட்டுக் குதிரை மேலும் எட்டு விநாடி உட்கார வேண்டும், ஒரு கைப் பிடியில். மறுகை மிருகத்திலோ தன் உடம்பிலோ பட்டால் மதிப்பெண் இல்லை. நூறில் ஐம்பது வீரனுக்கு, ஐம்பது மிருகத்துக்கு. ஆகவே சாதுவான காளை கிடைத்தவன் நன்றாகவே உட்கார்ந்தாலும் தோற்பான். குதிரை கதவைவிட்டு வெளியே பாயும் முதல் துள்ளலில் வீரன் குதிகாலில் மாட்டியிருக்கும் இரண்டு குதிமுள்ளும் அதன் தோளுக்கு மேலே தொட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கணத்தைப் பாருங்கள்.

கயிறு வீசும் போட்டிதான் உண்மையான பண்ணை வேலை. இருவர் சேர்ந்து: முன்னவன் மாட்டின் கொம்பில் கண்ணி போட்டு இடப்பக்கம் திருப்புவான், பின்னவன் இரண்டு பின்னங்காலையும் பிடிப்பான். ஒரு கால் மட்டும் சிக்கினால் ஐந்து விநாடி தண்டம். கண்ணி விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றுவார்கள். சுற்றுக்கும் அந்த முன்கொம்புக்கும் நடுவே கட்டைவிரல் மாட்டினால் துண்டாகிவிடும். கட்டைவிரல் இல்லாத கவ்பாய்கள் இருப்பது இதனால்தான். இந்தக் கயிறும் சேணமும் அவர்கள் மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான வக்கேரோக்களிடம் கற்றது.

மாடு வளர்ப்பவர் என்பதால் அப்பாவுக்கு இன்னொன்று. இங்கே மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி அரசாங்கப் பதிவு. விற்றாலோ, மாவட்டம் தாண்டிக் கொண்டுபோனாலோ குறி பார்க்கும் ஆய்வாளர் வந்து சான்று தர வேண்டும். வேலி சாலையைக் கடக்கும் இடத்தில், சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். கார் கடகடவென்று போய்விடும், மாடு கால் வைக்கப் பயந்து நின்றுவிடும். கதவே தேவையில்லை.

கொண்டுவர வேண்டியது: பொடி வகைகள் பரவாயில்லை, விதை, பழம், இறைச்சி வேண்டாம், இருக்கும் எல்லா உணவையும் கஸ்டம்ஸில் சொல்லிவிடுங்கள். கோடியில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. ஐந்து லிட்டர் குக்கருக்கு கேஸ்கட் இரண்டும் ஒரு வெயிட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இங்கே அந்த அளவு கிடைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்