அகர வரிசைல 'கு' முதல்லயா 'பு' முதல்லயா? விடைக்குறிப்பு போட்டவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ப்ளஸ் ஒன் திருப்புதல் தேர்வுக்கு கெமிஸ்ட்ரி வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிச்ச ஆசிரியர் குழுவுக்கு,

வணக்கம். முதல்லயே சொல்லிடுறேன், நான் எந்த ஸ்கூல்லயும் வேலை பாக்கல. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு சாயங்காலத்துல வீட்டுத் திண்ணைல பதினோரு புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறவ. எல்லாமே தமிழ் மீடியம். போன வியாழக்கிழமை பேப்பர் குடுத்தாங்க. இருபத்தேழாவது கேள்வி என்னன்னு உங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும், இருந்தாலும் படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். ரெண்டு கார்பன், ஒரு கார்பன்ல புரோமின், இன்னொண்ணுல குளோரின், மிச்சமெல்லாம் ஹைட்ரஜன். படம் போட்டு, "பதிலிகளை அகர வரிசையில் அமைத்து ஐயுபிஏசி பெயர் எழுதுக"ன்னு கேட்டிருந்தீங்க. பதிலின்னா ஹைட்ரஜன் இருக்க வேண்டிய எடத்துல வந்து உக்காந்த அணு இல்லன்னா அணுக்கூட்டம், ஐயுபிஏசி பெயர்னா உலகம் முழுக்க ஒரே விதிப்படி வெக்கிற பேரு. ரெண்டு மார்க்.

என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு 1-குளோரோ-2-புரோமோ ஈத்தேன்னு எழுதியிருக்கா. செவப்பு மைல ஒரு அடி, பக்கத்துல "அகர வரிசை தவறு", ஒரு மார்க் போச்சு.

மறுநாள் சாயங்காலம் மத்த புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டா, கைல ஒரு தமிழ் அகராதி. அவ அண்ணனுக்கு எப்பவோ பேச்சுப்போட்டில பரிசா குடுத்தது, அட்டை பிஞ்சு செல்லோடேப் ஒட்டியிருக்கு. திண்ணைல வெச்சு 'கு' பக்கத்துல ஒரு வெரல விட்டுக்கிட்டா, அங்கேந்து தள்ளிக்கிட்டே போயி 'பு' பக்கத்துல இன்னொரு வெரல விட்டுக்கிட்டா. "அக்கா, அகர வரிசைன்னா இதுதானக்கா? கு முதல்ல, பு அப்புறம். நான் சரியாத்தான எழுதியிருக்கேன்?" அழுகையெல்லாம் இல்ல, நெஜமாவே தெரிஞ்சிக்கத்தான் கேட்டா. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சே வரல.

ஐயா, அம்மா, அவ சரியாத்தான் எழுதியிருக்கா. நீங்க கேட்ட கேள்விக்கு சரியான பதில் அது. நீங்க கேக்க நெனச்ச கேள்விக்குத்தான் அது தப்பு.

சரியான பேரு 1-புரோமோ-2-குளோரோ ஈத்தேன்தான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆங்கிலத்துல 'பி' ரெண்டாவது எழுத்து, 'சி' மூணாவது, அதனால புரோமோ முதல்ல வந்து ஒண்ணாம் நம்பரையும் எடுத்துக்கும். விதிய மாத்துங்கன்னு நான் கேக்கல. அது ஆங்கில எழுத்து வரிசைன்னு ஒரு வார்த்தை வினாத்தாள்ல போடுங்கன்னுதான் கேக்குறேன். அகர வரிசைன்னு போட்டா தமிழ் படிக்கிற புள்ள அ, ஆ, இ, ஈ தான் எண்ணும், வேற எத எண்ணும்?

இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணுலயும் படலன்னு யோசிச்சுப் பாத்தேன். நாம எல்லாரும் போர்டுல முதல்ல போடுற உதாரணம் எத்தில், மெத்தில்ங்குற பதிலிங்கதான். எ முதல்ல, ம அப்புறம். ஆங்கிலத்துலயும் ஈ முதல்ல, எம் அப்புறம். ரெண்டு வரிசையும் ஒத்துப்போயிடுது, அதனால புள்ளைங்களும் தமிழ் வரிசையவே மனசுல வெச்சிக்கிட்டு 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன்னு சரியா எழுதிடுவாங்க, நாமளும் டிக் போட்டுட்டுப் போயிடுவோம். இந்தப் பொண்ணுக்கு டைமெத்தில்ல ரெண்டுங்குற அர்த்தத்துல இருக்குற 'டை'ய வரிசைல கணக்கெடுக்கக் கூடாதுங்குறது வரைக்கும் தெரியும், அந்த அளவுக்குப் படிச்சிருக்கா. ஆனா புரொப்பைல் வந்தா மாட்டிக்குவா. புரோமோ மெத்திலுக்கு முன்னாடி வரணும், புரொப்பைல் மெத்திலுக்குப் பின்னாடி வரணும், ரெண்டுமே தமிழ்ல 'பு'. 2-மெத்தில்-4-புரொப்பைல்ஹெப்டேன்ல எதுக்கு மெத்தில் முதல்லன்னு கேட்டா, ஆங்கில ஸ்பெல்லிங் தெரியாத புள்ளைக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. நாலு ஹாலஜனையும் எழுதிப் பாருங்க. ஆங்கில வரிசைப்படி புரோமோ, குளோரோ, ஃபுளூரோ, அயோடோ. அதையே அகராதி வரிசைல வெச்சா அயோடோ, ஃபுளூரோ, குளோரோ, புரோமோ. ஒண்ணு விடாம அப்படியே தலைகீழ்! அகர வரிசைன்னு பேரு வெச்சிட்டு அதுல அகரமே கடைசி. இத எங்க ஊரு தமிழய்யாகிட்ட சொன்னேன், சிரிச்சாரு பாருங்க, எனக்கு சிரிப்பு வரல.

பேரு எதுக்கு வெக்கிறோம்? ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பேரு சொல்லிக்கிட்டு இருந்தாங்கன்னுதான் 1892ல ஜெனீவால கெமிஸ்ட்டுங்க கூடி உக்காந்து விதி போட ஆரம்பிச்சாங்க, ஐயுபிஏசி வந்தது 1919ல. மாற்றியம்னா அதே அணுக்கள வேற மாதிரி கோத்த பொருள். கார்பனும் ஹைட்ரஜனும் ஒத்தைப் பிணைப்புல மட்டும் சேந்த ஆல்கேன எடுத்துக்கிட்டா, நாலு கார்பனுக்கு மாற்றியம் ரெண்டு, அஞ்சுக்கு மூணு, ஆறுக்கு அஞ்சு, அப்புறம் பத்து கார்பனுக்குப் போனா 75, இருபதுக்குப் போனா 3,66,319. அவ்வளவுக்கும் ஐசோ, நியோன்னு செல்லப்பேரு வெச்சிக்கிட்டு இருக்க முடியாதுல்ல. பேரக் கேட்டா படம் வரையத் தெரியணும், படத்தப் பாத்தா பேரு சொல்லத் தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவும். அவ எழுதுன பேர வெச்சு நீங்க படம் வரைஞ்சு பாருங்க, உங்க படமேதான் வரும். இது மாற்றியம் கூட இல்ல, அதே மூலக்கூறு. அதுக்கு பாதி மார்க் போச்சு.

ஸ்கூல்ல போய் கேட்டேன். "கீ படிதாம்மா போட முடியும்"னாங்க, கீன்னா உங்க விடைக்குறிப்பு. சரி, கீ படியே பேசுவோம்.

அதே பேப்பர்ல நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் இருக்குற மூலக்கூறு வாய்ப்பாட்டுக்கு எத்தனை அமைப்பு மாற்றியம்னு கேட்டிருக்கீங்க, கீல 4. ஆல்கஹால் நாலு, ஒத்துக்கிறேன். ஈதர் மூணு எங்க போச்சு? 1-மீத்தாக்சிபுரப்பேன், 2-மீத்தாக்சிபுரப்பேன், ஈத்தாக்சிஈத்தேன், ஆக மொத்தம் 7. வினைசெயல் தொகுதி மாற்றியம்னா (ஒரே வாய்ப்பாடு, ஆனா ஆல்கஹால், ஈதர் மாதிரி வேற வேற வகை) என்னன்னு அடுத்த பக்கத்துல நீங்களே ஒரு கேள்வி கேட்டுட்டு இங்க ஈதர எண்ணாம விட்டா எப்படி? ஈத்தாக்சிஈத்தேன் என்ன கண்ணுல படாத பொருளா, 1846ல பாஸ்டன்ல எல்லார் முன்னாடியும் மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணிக் காட்டுனாங்களே, அந்த ஈதர். கீ போடும்போது யாராவது பக்கத்துல பாட்டில திறந்து வெச்சிட்டாங்களோ என்னமோ.

அப்புறம் அந்த வினாத்தாள் ஜெராக்ஸ். எத்தனால்னா ஆல்கஹால், எத்தனல்னா ஆல்டிஹைடு. நடுவுல ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். உங்க ஜெராக்ஸ்ல அந்தக் கால் அழிஞ்சு போச்சு, பாதிப் புள்ளைங்க ஆல்டிஹைடுன்னு நெனச்சு, அதக் கண்டுபிடிக்கிற சில்வர் கண்ணாடிச் சோதனைய மாங்குமாங்குன்னு எழுதியிருக்காங்க. இதவிடத் தெளிவா புள்ளைங்க காலை யாரும் வார முடியாது. பொதுத்தேர்வுத் தாள்ல தமிழும் ஆங்கிலமும் சேந்தே இருக்கும், ஒண்ணு புரியலன்னா இன்னொண்ணப் பாத்துக்கலாம். நீங்க பக்கம் மிச்சம் பண்றேன்னு தமிழ் மட்டும் அடிச்சிருக்கீங்க. எத்தனை பேப்பர் மிச்சமாச்சோ, நல்லா இருங்க.

மன்னிச்சிடுங்க, எங்கயோ போயிட்டேன். கேக்க வந்தது ஒண்ணுதான். இருபத்தேழாவது கேள்விக்கு தமிழ் அகராதி வரிசைப்படி எழுதுன புள்ளைங்களுக்கும் இந்த ஒரு தடவை முழு மார்க் போடச் சொல்லி கீய திருத்திக் குடுங்க. அடுத்த தாள்லேந்து "ஆங்கில எழுத்து வரிசைப்படி"ன்னு தெளிவா போட்டு, பக்கத்துலயே பதிலியோட ஆங்கிலப் பேரையும் அச்சடிங்க. ஒரு வரிதான், அதுக்கு இங்க் ஒண்ணும் தீந்துடாது. உங்களுக்கும் மூணு நாள்ல எழுநூறு பேப்பர் திருத்துன்னு மேலேந்து நெருக்கடி இருக்கும், தெரியாம இல்ல, அதனாலதான் சண்டை போடாம லெட்டர் எழுதுறேன்.

மார்க் லிஸ்ட் அடுத்த புதன்கிழமை ஏத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி கீ திருத்தி வந்தா உபகாரமா இருக்கும். தயவு செஞ்சு பாருங்க.

இந்தப் பொண்ணு இப்ப நோட்டோட கடைசிப் பக்கத்துல ரெண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் தமிழ் வரிசை, இன்னொரு பக்கம் ஆங்கில வரிசைன்னு பதிலியெல்லாம் எழுதி வெச்சிருக்கா. ஐசோபுரொப்பைல்ல 'ஐசோ'வ எண்ணணுமா வேண்டாமான்னு நேத்து கேட்டா. எண்ணணும்னேன். "அப்ப டெர்ஷியரி பியூட்டைல்ல டெர்ஷியரியையும் எண்ணணுமாக்கா?" அத எண்ணக்கூடாது, 'பி'தான்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு எழுதிக்கிட்டா.

இப்படிக்கு,
திண்ணை டியூஷன் அக்கா