அசையாத முகமும் குழந்தையின் மனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தை வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கைப்பேசியில் மூழ்கிக்கிடக்கும் பெற்றோரைக் கண்டித்தது சரியே. ஆனால், சற்றே கவனம் சிதறினாலும் குழந்தையின் மனம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிடும் என்ற அதன் தொனியை என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் தம் சக ஆய்வாளர்களுடன் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரெனச் சில நிமிடங்கள் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாதிருந்தபோது, பேச்சு வராத அக்குழந்தை அவளைத் தன் பக்கம் ஈர்க்க மீண்டும் மீண்டும் முயன்று, அது பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த ஆய்வைக் காட்டிப் பெற்றோரை அச்சுறுத்துவோர், டிரோனிக்கே பின்னர் வலியுறுத்தியதைச் சொல்வதில்லை: நல்ல உறவிலும் தாயும் சேயும் அடிக்கடி இசைவு தவறுகிறார்கள், மீண்டும் இசைந்துகொள்வதன் வழியாகவே குழந்தைக்கு நம்பிக்கை வளர்கிறது.

மேலும், அக்கட்டுரையில் தந்தை என்ற சொல்லே இல்லை (வேண்டுமென்றே விட்டதாக நான் கருதவில்லை). ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாத வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பற்றுறவு (நெருங்கிய பாசப் பிணைப்பு) கொண்டிருந்தன. அவர்களுள் தந்தையும் இருந்தார்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்