பெயர்ப் பலகை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நான் போன மாதத்தோடு ஆபீசை மூடிவிட்டேன். முப்பது வருஷத்துக் கேஸ் கட்டுகளைப் பிரித்துப் போடவே பத்து நாள் ஆயிற்று. ஒரு கட்டைத் தூக்கியதும் கரையான் மண் பொலபொலவென்று கொட்டியது. குமாஸ்தா சிரித்தார். எனக்கு வில்லியம் ஹெர்ன்டன் ஞாபகம் வந்தது.

அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரஹாம் லிங்கனின் கூட்டாளி வக்கீல் அவர். 1844 முதல் இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். வருகிற ஃபீஸில் ஆளுக்குப் பாதி. பெருக்குவதே கிடையாது. ஊராருக்குக் கொடுக்க வந்த விதைப் பொட்டலங்கள் பிரிந்து, மூலைக் குப்பையில் முளைவிட்டிருந்தனவாம்! ஒரு காகிதக் கட்டின் மேல் லிங்கன், 'வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார்' என்று எழுதி வைத்திருந்தார். காலையில் சோபாவில் சாய்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். ஹெர்ன்டனுக்கு அது ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கனின் பையன்கள் வந்து மைக்கூட்டைக் கவிழ்த்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

1854-ல் ஹெர்ன்டன் ஊர் மேயரும் ஆனார். மதுவிலக்குக்கு வரிந்துகட்டியவர், ஆனால் தானே குடிப்பவர். சரி, அது கிடக்கட்டும்.

1861 பிப்ரவரியில், ஜனாதிபதியாகப் பதவியேற்க வாஷிங்டன் கிளம்புவதற்கு முந்தின நாள் லிங்கன் ஆபீசுக்கு வந்தார். இருவர் பெயரும் போட்ட பலகை அப்படியே தொங்கட்டும், உயிரோடு இருந்தால் திரும்பி வந்து ஒன்றுமே நடக்காததுபோல் தொழிலைத் தொடரலாம் என்றார். 1865-ல் சுடப்பட்டு இறந்தார்.

ஊரே அவரைத் தெய்வமாக்கிக்கொண்டிருந்தபோது, ஹெர்ன்டன் மட்டும் பழகியவர்களைத் தேடிப் போயும் கடிதம் போட்டும் வாக்குமூலம் வாங்குவதுபோல் எழுதி வாங்கினார். லிங்கன் மனைவி மேரிக்கும் இவருக்கும் எப்போதும் ஆகாது. லிங்கன் உண்மையில் நேசித்தது ஆன் ரட்லெஜ் என்ற பெண்ணைத்தான் என்று 1866-ல் மேடையிலேயே சொல்லிவிட்டார். கணவன் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு இது ஒப்பவில்லை. அத்தனையும் செவிவழிச் சாட்சி, குறுக்கு விசாரணையும் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதங்கள் இல்லையென்றால் இளவயது லிங்கனைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும், சொல்.

அப்புறம் ஹெர்ன்டன் விவசாயத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் காகிதங்களை வைத்து எழுதிய லிங்கன் வரலாற்றுப் புத்தகம் 1889-ல்தான் வந்தது. இரண்டே வருஷத்தில் ஆள் போய்விட்டார், ஏழையாக.

15-ஆம் தேதி வருகிறாய் அல்லவா? சட்டப் புத்தகங்களில் வேண்டியதை எடுத்துக்கொள். என் பலகையை இன்னும் கழற்றவில்லை. ஸ்க்ரூ துருப்பிடித்துக் கிடக்கிறது. வரும்போது நல்ல திருப்புளி ஒன்று கொண்டு வா.

அன்புடன்,
ராகவன்