அந்தப் பட்டியலில் ஜூன் 24-ஐயும் சேர்

பாறசாலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திருச்சபை வரலாற்றின் முக்கிய நாட்களைச் சொல்லிக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். பட்டியலையும் பார்த்தேன். 1517 அக்டோபர் 31, லூத்தர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய நாள். 1706 ஜூலை 9, மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள். 1947 செப்டம்பர் 27, நம் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) உருவான நாள். எல்லாம் சரி, எதையும் எடுக்க வேண்டாம். ஆனால் நம் திருவிதாங்கூர் மண்ணில் நடந்தது ஒன்றுகூட அதில் இல்லையே, மக்களே.

1855 ஜூன் 24-ஐச் சேர்த்துக்கொள். திருவிதாங்கூரில் அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை என்று மகாராஜா பிரகடனம் செய்த நாள் அது. 1836-ல் எடுத்த கணக்கில் இங்கே சுமார் 1,65,000 அடிமைகள் இருந்தார்கள். எட்டுப் பேருக்கு ஒருவர். புலையரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். 1847-ல் லண்டன் மிஷன் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-ல், அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் விடுதலை கிடைத்தது. பெற்றவள் அடிமை, பிள்ளைக்கு விடுதலை! மீதிப் பேருக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஜூன் 24 யோவான் ஸ்நானகனின் பிறந்தநாள் திருநாளும்கூட. ஆணை எழுதியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கோ அந்தத் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இப்போது நம் பக்கத்துச் சபைகளில் ஐம்பது வருஷம், நூறு வருஷம் ஆனால் யூபிலி என்று கொண்டாடுகிறோம். நினைவு மலர் போடுகிறோம், அசன விருந்து வைக்கிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் லேவியராகமம் 25-ஐ எடுத்துப் படித்துப் பார். ஐம்பதாம் வருஷம் எக்காளம் ஊதினால் அடிமை தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், கைமாறிய காணி உரியவனுக்குத் திரும்ப வேண்டும். பஸ்காவும் அப்படித்தான், அடிமை வீட்டிலிருந்து புறப்பட்ட ராத்திரியின் நினைவு. வருஷா வருஷம் ஒரு நாளை நினைக்கச் சொல்லி தேவன் கற்றுக்கொடுத்ததே விடுதலையை வைத்துத்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் நாட்டில் ஜூன் 24-க்குக் கோயில் மணி அடிக்க வேண்டாமா?

அடிக்காததற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன். நம் குடும்பங்களில், பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எப்போதாவது பேச்சு வரும். அடிமை ஒழிப்பைப் பற்றி வந்து நான் கேட்டதில்லை. அடிமைகளாயிருந்தவர்களின் பிள்ளைகளும் நம் சபைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பேச இடம் கொடுத்தது குறைவு.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால் லேஸிலிருந்து ஆரம்பி. பாட்டி பின்னியதை நீ சின்னதில் பார்த்திருக்கிறாய். மடியில் உருண்டைத் தலையணை, அதில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துக் குறுக்கே மாற்றிப் போடுவாள், டக் டக்கென்று சத்தம் வரும். விரலகலம் பின்ன அரைநாள் ஆகும். அந்த வேலையை நாகர்கோவிலில் 1821-ல் தொடங்கியவர் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார். அவரிடம் படித்த அடிமைப் பெண்பிள்ளைகளில் சிலர் லேஸ் விற்ற கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து மீண்டார்கள். ராஜாவின் ஆணை வருவதற்கு முன்பே!

அப்புறம் 1859 ஜூலை 26. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று உத்தரவு வந்த நாள். குப்பாயம், அதாவது ரவிக்கை போன்ற மேல்சட்டை, போட்ட பெண்களைச் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். அதற்கெல்லாம் பிறகு கிடைத்தது அது. ஆனால் உத்தரவை முழுதாகச் சொல். குப்பாயம் போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. கொடுக்கும்போதே ஒரு பிடி பிடித்து வைத்துக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

தேவசகாயத்தையும் விட்டுவிடாதே, அவர் கத்தோலிக்கர், நாம் சிஎஸ்ஐ என்று பார்க்க வேண்டாம். நட்டாலத்தில் பிறந்தவர். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரோடு சாதிப்பெயரைச் சேர்க்கவில்லை.

இங்கே கேரளத்தில் இருந்துகொண்டு நாகர்கோவில் கதையைச் சொல்கிறாரே என்று உன் மாப்பிள்ளை கேட்டால், இந்த எல்லைக்கோடு 1956 நவம்பர் 1-ல் தான் வந்தது என்று சொல்.

ஜூன் 24-க்கு அடுத்து வரும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபம் ஒன்று சேர்க்கலாமா என்று நம் போதகரிடம் கேட்டிருக்கிறேன். கமிட்டியில் வைக்கிறேன் என்றிருக்கிறார். நீயும் அங்கே கேட்டுப் பார். பாட்டி பின்னிய லேஸ் ஒரு முழம் பீரோவில் இருக்கிறது, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் கட்டுகிறாள், அதோடு வைத்து அனுப்புகிறேன். எண்ணெய் படாமல் தனிக் கவரில் இருக்கும், பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா