முதுகு ஊசியைப் பற்றி அம்மா

கண்ணு,

"சிசேரியனுக்கு முழுசா மயக்கம் கொடுத்துடச் சொல்லும்மா, முதுகுல ஊசி மட்டும் வேண்டாம்" என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் பெற்ற பெண்ணுக்கு 'அந்த ஊசியாலதான் எனக்கு முதுகுவலி' என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதுதான் பெரிதாகப் படுகிறது, பார்!

அந்த அக்காவுக்கு முதுகுவலி உண்மைதான். ஊசியே போடாமல் பெற்ற உன் சித்திக்கும் அதே வலி இருக்கிறதே? வயிறு பெருத்து, மூட்டெல்லாம் தளர்ந்து, அப்புறம் பிள்ளையைக் குனிந்து குனிந்து தூக்கினால் முதுகு வலிக்கத்தான் செய்யும். ஊசி குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான்.

தண்டுவடம் இடுப்பின் மேல்பக்கத்திலேயே முடிந்துவிடும். உனக்குப் போடப்போகிற ஸ்பைனல் ஊசி போவது அதற்கும் கீழே, இடுப்பின் மூன்றாவது, நான்காவது எலும்புக்கு நடுவில். உன்னை உட்காரவைத்து, மோவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி முதுகை வளைக்கச் சொல்வார்கள். அந்த வயிற்றோடு வளைவது சிரமம், நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஊசி உள்ளே போனதும் அதன் பின்முனையில், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும். அந்தச் சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அது வந்தால் இடம் சரி, சுமார் 2 மில்லி மருந்துதான், கால் சூடாகிக் கனத்துப்போகும். மார்புவரை மரத்ததா என்று சில்லென்ற ஸ்பிரிட் பஞ்சை வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தி வைப்பார்கள்.

பிபி இறங்கும், குமட்டும். அடக்கிக்கொண்டு கிடக்காதே, உடனே சொல், தலைமாட்டில் மயக்க டாக்டர் மருந்தோடுதான் இருப்பார். வயிற்றுக்குள் யாரோ பாத்திரம் துலக்குகிற மாதிரி இழுபறி தெரியும், வலி தெரியாது. உடம்பு நடுங்கினாலும் பயப்படாதே.

எபிடியூரல் வேறு. மெல்லிய குழாயை முதுகில் விட்டு மருந்தை ஏற்றிக்கொண்டே இருக்கலாம், ஆனால் முழுசாக மரக்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரசவ வலிக்காக ஏற்கெனவே போட்டிருந்தால் சிசேரியனுக்கும் அதிலேயே கூடுதலாக மருந்து ஏற்றுவார்கள். உனக்குத் தேதி குறித்தாகிவிட்டது, ஸ்பைனல் போதும்.

தலைவலி சிலருக்கு வரும், மறைக்கமாட்டேன். 1898-ல் இதைத் தொடங்கிவைத்த ஜெர்மன் டாக்டர் பீர் தன் முதுகிலேயே குத்தவைத்து நாள்கணக்கில் தலைவலியோடு கிடந்தாராம். இப்போது ஊசி அவ்வளவு மெலிசு, அதனால் குறைவு. எழுந்தால் தலை பிளந்து, படுத்தால் விட்டால் டாக்டரிடம் சொல், வைத்தியம் உண்டு. நாங்கள் அந்தக் காலத்தில் 24 மணி நேரம் தலையணை இல்லாமல் படுக்கவைத்தோம், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்களோ.

முழு மயக்கம் தேவைப்படுகிறவர்களும் உண்டு: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) ரொம்பக் குறைந்தவர்கள், நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாத அவசரம். நீ பிறந்தபோது எனக்கு அப்படித்தான். கண் விழித்தபோது இருட்டிவிட்டது, உன்னைக் குளிப்பாட்டித் துணி சுற்றி உன் அத்தை மடியில் வைத்திருந்தாள். உன் முதல் அழுகையை அவள் சொல்லித்தான் கேட்டேன். உனக்கு அந்த அவசரம் இல்லையே, ஏன் விடுகிறாய்?

வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். வந்ததும் உன் முதுகைத் தடவி எந்த இடம் என்று காட்டுகிறேன். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவை: முந்தின ராத்திரி பாசத்தில் எழுப்பி எதையும் ஊட்டிவிட வேண்டாம்.

அம்மா