மணக்குடிக் காயலில் ஓர் ஆண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதிய உறக்கத்தைத் தியாகம் செய்து பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கையை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டேன். இந்த முறை கொஞ்சம் நீளும். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் போய் மீனும் நண்டும் பிடிக்கும் நம் சங்கத்தில், ஆண்டு முழுக்க இரண்டு முடிவுகளைப் பற்றித்தான் சண்டை நடந்தது. ஒன்று, மணக்குடிப் பாலத்துக்குத் தெற்கே, கடல் பக்கமாக, கயாக் போகக்கூடாது என்பது. மற்றது, முதிர்ந்த பெண் நண்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது. இரண்டையும் நான்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உண்மைதான். ஏன் என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

முதலில் வழக்கமான விஷயங்கள். சங்கத்துக் கயாக்குகள் நான்கும் இருக்கின்றன. ஒன்றின் அடியில் பாறை உரசி விரிசல் விட்டதால் அது இப்போதைக்குத் திண்ணையில் கிடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குக் கணக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சரி, காயலுக்கு வருவோம். பழையாறு சுசீந்திரம் தாண்டி வந்து மணக்குடியில் அரபிக்கடலில் சேருகிறது. சேருகிறது என்று சொல்கிறோமே தவிர, ஆண்டில் பல நாள் சேருவதில்லை. அலை மணலை அள்ளிக்கொண்டு வந்து பொழியை, அதாவது ஆறு கடலில் சேரும் வாயை, அடைத்துவிடும். பொழி அடைந்திருக்கும் நாட்களில் காயல் ஒரு குளம். கடலின் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, ஆற்று நீர் ஏற ஏற உப்பும் குறைந்துவிடும். மழையில் பொழி உடைந்தாலோ, ஆட்கள் நின்று வெட்டிவிட்டாலோ, அதே குளம் சில மணி நேரத்தில் ஆறாகிக் கடலுக்குள் ஓடும். நம் உறுப்பினர்கள் பலர் கைபேசியில் ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அது கடலின் நேரம். இங்கே கடலும் ஏறவேண்டும், பொழியும் திறந்திருக்க வேண்டும், உள்ளே வந்து சேர நேரமும் ஆகவேண்டும். கரையில் வலை காயப்போடுகிறவரிடம் "அண்ணாச்சி, பொழி எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நான் கேட்கவில்லை. அதுதான் ஐப்பசியில் நடந்தது.

அமாவாசைக்கு மறுநாள். முந்தின வாரம் நல்ல மழை. பொழி அகலமாகத் திறந்திருந்தது. பாலத்தூண் நிழலில் செப்பிலி மீன் நிற்கும் என்ற ஆசையில் பாலத்தைத் தாண்டி, தெற்கே ஐம்பதடி போய் நங்கூரம் போட்டேன். கயிற்றைக் கயாக்கின் பக்கவாட்டுக் கைப்பிடியில் கட்டினேன். அங்கேதான் தப்பு. வற்றம் தொடங்கியதும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து இழுத்தது, நங்கூரம் விடவில்லை. கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நின்றது, கயிறு கட்டிய பக்கம் தாழ்ந்தது, அந்த விளிம்பில் நீர் ஏறியதைப் பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். அடுத்த நொடி காயல் தண்ணீரை விழுங்கிக்கொண்டிருந்தேன். நங்கூரத்தை முனையிலோ பின்பகுதியிலோதான் கட்டவேண்டும், அறுத்துவிடக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி வேண்டும் என்று புதிய உறுப்பினர்களுக்கு மாதாமாதம் பாடம் எடுப்பவன் நான். கத்தி பைக்குள் இருந்தது. பை மிதந்து எனக்கு முன்னால் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் இந்த அறிக்கையை நானே வாசிக்கிறேன். கரையோரம் வள்ளத்தில் நின்ற ஒருவர் கயிறு வீசி இழுத்துப் போட்டார். நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "என்ன சாரே, லட்சத்தீவுக்கா யாத்திரை? வெள்ளம் வலிக்கது பாத்தியளா?" என்றார். இரண்டு நண்டுக்கூடு, ஒரு கைபேசி, ஒரு செருப்பு நஷ்டம். கூடு இரண்டும் சங்கத்துடையவை. பணத்தைக் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

ஆகவே பாலத்துக்குத் தெற்கே வேண்டாம் என்றேன். பொழி அடைந்திருக்கும்போது போகலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். போகலாம்தான். ஆனால் அடைந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரியாகக் கணிக்கிற அளவுக்கு நமக்குப் பழக்கம் இல்லை. பொழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இதே இடத்திலிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கீழமணக்குடியிலும் மேலமணக்குடியிலும் இருக்கிறார்கள். அவர்களே அந்தப் பக்கம் யோசித்துத்தான் கால் வைக்கிறார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கயாக் வெளியே எடுக்கப்படாது. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தது அப்படி ஒரு நாளில்தான். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அதை நம் வாட்ஸ்அப் குழுவில் போடும் பொறுப்பைத் துணைச்செயலாளர் ஏற்றிருக்கிறார். அவர் போட்டதும் கீழே கும்பிடும் கைப்படம் மட்டும் போடாமல் வாசிக்கவும் வேண்டும்.

இனி நண்டு. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். நண்டுக்கும் அது பொருந்துகிறது. அரைநிலாவை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு, தண்ணீர் அசையாது, இரையின் வாசம் பரவாது. நம் கரையில் எப்படியும் ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும். அதிலும் பாதி போனால் என்ன இருக்கிறது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஏற்றம் தொடங்கும் நேரத்தில் கண்டல் (அலையாத்தி) மர வேர்களுக்குச் சற்று வெளியே கூடு இறக்குவதே நமக்குப் பலன் தந்தது. இரையாகச் சாளை (மத்தி) மீன் தலையும் கோழிக் குடலும் போட்டுப் பார்த்தோம். சாளை சீக்கிரம் கரைந்துவிடுகிறது. கோழி தாங்குகிறது, ஆனால் கயாக்கில் மூக்கருகே வைத்துக்கொண்டு துடுப்புப் போடுகிறவரின் நிலைமையையும் யோசிக்கவேண்டும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று எங்கள் வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது. நான் பார்த்தவரை, தோட்டை, அதாவது மேலோட்டை, கழற்றி அதிக நாள் ஆகாத நண்டுதான் உள்ளே வெறும் தண்ணீராக இருக்கும். பின்பக்கமாகப் பிடித்து அடித்தோட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் அதுவே கனத்து வரும்.

கொடுக்கைக் கட்டும் விதத்தைச் சித்திரையில் ஒரு அக்காள் நமக்குக் கற்றுக்கொடுத்தார். நண்டின் முதுகில் காலை லேசாக அழுத்தி வைத்து, நனைந்த கயிற்றை இரு கொடுக்குகளுக்கும் முன்னால் கொண்டுபோய், மடக்கி, பின்னால் ஒரு இழுப்பு. பத்து விநாடிகூட ஆகவில்லை. நம் பொருளாளர் பதினைந்து நிமிடம் முயன்றார். கட்டை விரலில் இப்போதும் தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

அப்புறம் அந்தப் பெண் நண்டு விவகாரம். நண்டைப் புரட்டிப் பாருங்கள். வயிற்று மடல் ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று, வட்டமாக, கறுத்திருந்தால் முதிர்ந்த பெண். நாம் பிடிக்கும் களிநண்டு, அதாவது சேற்று நண்டு, காயலில்தான் இணைசேரும். ஆனால் முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுக்குக் கடலின் உப்பு வேண்டும். ஒரு தாய் சுமக்கும் முட்டை பத்து லட்சத்துக்கும் மேல். பொரித்த குஞ்சு மூன்று நான்கு வாரம் கடலில் மிதந்து உருமாறி, பிறகு காயலைத் தேடித் திரும்பி வருகிறது. அதாவது நம் கூட்டில் அகப்படும் அந்தக் கறுத்த மடல்காரி பெரும்பாலும் பொழி திறக்கக் காத்திருக்கிறவள். தோட்டுக்குள் செம்மஞ்சளாக நிறைந்த சினை இருக்கும், அதுதான் ருசி என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் நாக்கு இருக்கிறது. "நாம் விட்டால் அடுத்தவர் பிடிப்பார்" என்றும் கூட்டத்தில் சொன்னார்கள். பிடிக்கட்டும். அவர்களுக்கு அது உலைக்கு அரிசி. நமக்கு ஞாயிற்றுக்கிழமை. இதே காரணத்தால்தான் சங்கத்து நண்டு விற்பனைக்கு இல்லை என்றும் எழுதி வைத்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், அதில் ஒருவர் மாசியில் திரும்பி வந்தார்.

கூட்டின் கதவை இனி நைலானில் கட்டக்கூடாது, பருத்தி நூலில்தான் கட்டவேண்டும். கூடு தொலைந்தால் நூல் இற்றுக் கதவு திறந்துகொள்ளும். நான் தொலைத்த இரண்டும் நைலானில் கட்டியவை. அடியில் எங்கோ கிடந்து யாருக்கும் பயனில்லாமல் இன்னும் நண்டு பிடித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு எனக்குச் சுகமாக இல்லை.

தூண்டில் பற்றிச் சுருக்கமாக. கரிமீன் மண்புழுவுக்கு நன்றாகக் கடித்தது. மடவை மீன் கூட்டம் கூட்டமாகத் துள்ளி நம்மைக் கேலி செய்ததோடு சரி. கதம்பையை (தேங்காய் மட்டையை) அழுகப்போடும் மூலைகளில் தண்ணீர் கறுத்து நாறுகிறது. அங்கே ஒன்றும் கிடைக்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம். உப்பளப் பக்கம் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் அந்தத் திட்டுகளை விட்டு விலகியே போகவும். படம் எடுக்கிறேன் என்று கிட்டே போய்க் கூட்டத்தைக் கலைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லவில்லை.

ஏ.வி.எம். கால்வாயில் பயணம் போகலாம் என்ற யோசனைக்காகத் தேங்காய்ப்பட்டினம் பக்கம் போய்ப் பார்த்தோம். அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டவர்மா என்று மூன்று பெரிய பெயர்களைச் சுமக்கும் கால்வாய். திருவாங்கூர் காலத்தில் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க நினைத்து வெட்டியது. நாங்கள் இறங்கிய இடத்தில் ஆகாயத்தாமரைக்கும் குப்பைக்கும் இடையே துடுப்பு நுழையவில்லை. யோசனை ஒத்திவைக்கப்படுகிறது.

நம்மை முதலில் சந்தேகமாகப் பார்த்த கட்டுமரக்காரப் பெரியவர் ஒருவர், ஆவணியில் நம் கயாக்கைத் தட்டிப் பார்த்தார். உட்காரும் இடத்தில் இருக்கும் துளைகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மேல ஏறுன வெள்ளம் கீழ போவும். கட்டுமரந்தான் இது. மரத்த மட்டும் எடுத்துட்டான்" என்றார். அவரைக் கௌரவ ஆலோசகராக அழைக்கச் செயற்குழு தீர்மானித்தது. வருவதாகச் சொல்லியிருக்கிறார், கூட்டத்துக்கு அல்ல, காயலுக்கு.

சந்தா பாக்கி உள்ளவர்கள் வாசலிலேயே பொருளாளரைப் பார்க்கவும். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று கார்த்திகை முதல் காணவில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் தயவுசெய்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்